ஒருத்தனுக்கு மட்டும் ஏறும் கண்ணாடி

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு மனிதர் பாதி மட்டும் நனைந்து வீட்டுக்கு வருவார். ஒரு தோள், ஒரு காது, மீசையில் ஒரு பக்கம் எல்லாம் சொட்டச் சொட்ட இருக்கும். மறுபாதியில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் தையல் மிஷின் மாடி ஜன்னலோரம் இருக்கிறது, நேர் கீழே அவர்கள் முற்றம். பார்க்காதே என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டா தைக்க முடியும்?

அவர் டாக்ஸி ஓட்டுகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் ஓட்டுவார். இருட்டியதும் அதே வண்டியை அவர் தம்பி எடுத்துப் போய் விடியற்காலையில் கொண்டுவந்து நிறுத்துவான். தெருவில் இரண்டு பேருக்கும் சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. அண்ணன் பகல்காரர், தம்பி ராத்திரிக்காரன். பகல்காரரின் மனைவியைத் தெருவே அண்ணி என்று கூப்பிடும், அவளைவிட மூத்தவர்கள்கூட. அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தனுக்கு முன்பல் விழுந்திருந்ததாம். மாமியார் இல்லாத வீடு. சோறு பிசைந்து ஊட்டியதிலிருந்து காய்ச்சலுக்குக் கண்விழித்தது வரை எல்லாம் அவள்தான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் எங்கள் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

வண்டியில் கோளாறு இதுதான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி பகல்காரருக்கு ஏறாது, இறங்காது. பட்டனை அழுத்தி அழுத்தி அவர் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். விடியற்காலையில் தம்பி, வண்டிக்குள் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு வருவான். அண்ணன் ஏறியதும் அது அங்கேயே நின்றுவிடும். அப்புறம் மழை வந்தால் பாதி உடம்பு நனைய வேண்டியதுதான். அதே வண்டியைச் சாயங்காலம் தம்பி எடுத்தால் கண்ணாடி சமர்த்தாக ஏறும், இறங்கும்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே எலெக்ட்ரீஷியன் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனைத் தொட்டான். கண்ணாடி ஏறியது. மறுபடி தொட்டான், இறங்கியது. "சார், கோளாறு உங்க விரல்லதான் இருக்கு" என்றானாம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"நான் ஏறுறப்ப மட்டும் வேலை செய்யாத மாதிரி அவன் என்னமோ பண்ணி வெச்சுட்டு வர்றான். எனக்கு இந்த வண்டியே வெறுத்துப் போகணும்னு பார்க்கிறான்" என்று மனைவியிடம் கத்தினார்.

தம்பி பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நுரையைத் துப்பிவிட்டு வந்தான். "எனக்கு ஏறுது. நான் என்ன பண்றது?" என்றான். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அன்றோடு நின்றது.

அதற்கப்புறம் எல்லாம் அண்ணி வழியாக. இவர் "உன் கொழுந்தன்" என்பார், அவன் "உங்க வீட்டுக்காரர்" என்பான். சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு சாவி. அண்ணன் வந்து சாவியை மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் தம்பி வந்து சாவியை எடுப்பான். சாப்பாட்டுக்கும் உட்காரமாட்டான். சமையலறை மேடையோரம் நின்றபடியே நாலு வாய் விழுங்கிவிட்டுப் போவான். "உட்கார்ந்து சாப்பிட்டா என்ன, கௌரவம் குறைஞ்சிடுமா?" என்று அண்ணி புலம்புவாள். எனக்கும் அது வீம்பாகத்தான் பட்டது.

போன வருஷம் எங்கள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்டவன் அவன். கட்டுப் போட்டுக் கிடந்த மாதங்களில் அண்ணனே பகலும் ராத்திரியும் ஓட்டினார். பிறகு ஒருநாள் இவன் எழுந்து, "சரியாயிடுச்சு, இனிமே நான் ஓட்டுறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டான். கியர் தானாக மாறுகிற வண்டி, இடது காலுக்கு அதில் வேலை கிடையாது. நடையில் கொஞ்சம் சாய்வு மட்டும் தங்கியது. அதையும் அவன் ஒரு மிடுக்காக மாற்றிக்கொண்டுவிட்டான் என்று நினைத்தோம். என்னிடம் கால்சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "முட்டிகிட்ட நல்லா லூசா விடுங்க, இப்ப அதான் ஃபேஷன்" என்பான். நானும் லூசாகவே வைத்துக் கொடுத்தேன்.

பேச்சு நின்ற வீட்டில் அடுத்தது என்ன? வண்டியை விற்கிற பேச்சு வந்தது. பகல்காரர் ஒரு புரோக்கரிடம் சொல்லிவிட்டார். தம்பி அண்ணியிடம், "வித்தா விக்கட்டும். நான் வேற ஊர்ல குடோன் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டான். அண்ணி ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்த சாக்கில் என்னிடம் உட்கார்ந்து அழுதாள்.

"வண்டி போனா போகட்டும் டெய்லரம்மா. இவன் போயிடுவான். போனா திரும்பி வரமாட்டான். அவரும் கூப்பிடமாட்டார். ரெண்டும் ஒரே மண்ணுல பிசைஞ்சது. நான் வளர்த்த பிள்ளைய நான் எங்க போய்ப் பார்க்கிறது?"

புரோக்கர் வருவதாகச் சொன்ன நாள் இருவருமே வண்டி எடுக்காத நாள். காலையிலேயே மேகம் கட்டியிருந்தது. அண்ணி முட்டையைப் பொரித்து ரொட்டியோடு வைத்துவிட்டு, நடு வீட்டில் நின்று சொன்னது மாடி வரை கேட்டது.

"அந்தக் கண்ணாடிக்கு என்ன கேடுன்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். யாரு பொய் சொல்றதுன்னும் தெரிஞ்சாகணும். ரெண்டு பேரும் முற்றத்துக்கு வாங்க. வராதவங்களுக்கு இந்த வீட்ல இன்னைக்கு அடுப்பு எரியாது."

வந்தார்கள். தகரக் கொட்டகைக்குள் நிற்கிற வண்டியை வெளிச்சத்துக்காகத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் நிறுத்தினார்கள். எனக்குத் தையல் ஓடுமா? டார்ச் தேவைப்படும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கையில் நூல் வெட்டும் சின்னக் கத்திரி அப்படியே இருந்தது.

பகல்காரர் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றி ஃப்யூஸ் ஒன்றைப் பிடுங்கி வானத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே மெல்லிய தகடு முழுசாக இருந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு வண்டிச் சாவியைத் திருப்பினார்.

"ஃப்யூஸ் நல்லாருக்கு. போயிருந்தா நாலு கண்ணாடியும் போயிருக்கணும். மத்த மூணும் அதுஅது பட்டன்ல வேலை செய்யுதான்னு பார்க்கச் சொல்லு."

"பாருப்பா" என்றாள் அண்ணி.

தம்பி ஒவ்வொரு கதவாகப் போய் அழுத்தினான். "ஏறுதுன்னு சொல்லுங்க."

"ஏறுதாம்."

மூன்றடி தூரத்தில் நிற்கிறான் அவன். இந்த அழகை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

பிறகு ஓட்டுகிறவர் கதவை விரியத் திறந்து வைத்தார். அண்ணியின் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, நெம்பி, பட்டன்கள் இருந்த பலகையை மேலே எடுத்தார். அடியில் ஒரு கொத்துக் கம்பிகள். தகர டப்பாவிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றை வண்டியின் இரும்பில் கவ்வவிட்டு, மற்றதன் ஊசி முனையைத் தடித்த சிவப்புக் கம்பியின் முனையில் வைத்தார். பல்பு எரிந்தது.

"பல்பு எரிஞ்சா கரண்ட்டு பட்டன் வரைக்கும் வந்தாச்சுன்னு அர்த்தம்" என்று மனைவிக்குச் சொன்னபடியே பட்டனை அழுத்தினார். கண்ணாடி கீழே போய் மேலே வந்தது. ஒர்க்‌ஷாப்பில் நடந்ததே இங்கேயும் நடந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது.

சுவரில் சாய்ந்திருந்த தம்பி விடவில்லை. "பார்த்தீங்களா அண்ணி. நல்லாதான் இருக்கு. விக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும் உங்க வீட்டுக்காரருக்கு."

பகல்காரர் கதவைச் சாத்தினார். வழக்கமாக ஏறுகிற மாதிரி ஏறினார். அந்த மனிதர் கதவை அகலத் திறந்து நான் பார்த்ததே இல்லை. சந்தையில் நெருக்கி நெருக்கி வண்டி நிற்கும், பக்கத்து வண்டியில் இடித்துவிடக் கூடாது என்று ஒரு சாண் இடைவெளியில் எலி பொந்துக்குள் போவதுபோல நுழைந்து பழகியவர். அப்படியே நுழைந்து கதவை இழுத்துக்கொண்டார். பட்டனை அழுத்தினார். ஒன்றுமில்லை. ஊசியைச் சிவப்புக் கம்பியில் வைத்தார். பல்பு இருண்டே கிடந்தது.

"நீயே வந்து வெச்சுப் பாரு" என்றார்.

அண்ணி அந்தப் பக்கத்துக் கதவு வழியாக ஏறிப் போய் ஊசியை வைத்தாள். அழுத்தியும் வைத்தாள். எரியவில்லை.

"எரியலப்பா" என்றாள் கொழுந்தனைப் பார்த்து. "நானே வெச்சுப் பார்த்தேன். அவர் பொய் சொல்லல."

தம்பியின் முகத்திலிருந்த நக்கல் போய்விட்டது. "இறங்கச் சொல்லுங்க. நான் ஏறிக் காட்டுறேன்" என்று வந்தவன், கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் தயங்கினான். அண்ணன் லாம்ப்பைப் பிடித்துக்கொண்டு கீல் பக்கம் குந்தியிருந்தார். நான் டார்ச்சோடு நின்றேன். அண்ணி எதிரே.

"எல்லாரும் ஏன் இங்கயே நிக்கிறீங்க?"

"கண்ணாடிய பார்க்கத்தான்டா. ஏறு" என்றாள் அண்ணி.

யோசித்துப் பார்த்தால், அவன் அந்த வண்டியில் ஏறுவதை அதுவரை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒருவர் குளிக்கும்போது மற்றவன் கொட்டகையிலிருந்து எடுத்துப் போகிற வண்டி அது. மேலேயிருந்து எனக்குத் தெரிவது தகரமும் வண்டியின் மூக்கும்தான்.

அவன் கதவை அது போகிற மட்டும் திறந்தான். கீல் முனகியது. முதுகைத் திருப்பி, வெளியே பார்த்தபடி சீட்டில் உட்கார்ந்தான். பிறகு இடது தொடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, காலைத் தூக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தான். முட்டி மடங்கவே இல்லை. அவன் தாடை இறுகியதையும் நெற்றியில் வியர்த்ததையும் மூன்று பேரும் பார்த்தோம். கதவைச் சாத்தி பட்டனை அழுத்தினான். கண்ணாடி ஏறியது. அதை யாரும் பார்க்கவில்லை.

"இறங்கச் சொல்லு" என்றார் பகல்காரர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

இறங்கினான்.

"இன்னொரு தடவ ஏறச் சொல்லு."

ஏறினான். இந்தத் தடவை அண்ணன் கீலையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கும் வண்டிக்கும் நடுவில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை போகிறது. உள்ளே கம்பிகள் போகிற வழி அது. கதவு அகலத் திறந்ததும் அந்த ரப்பர் இழுபட்டு நீண்டது, சாத்தும்போது சுருங்கி உள்ளே ஒடுங்கியது.

"தள்ளு" என்றார். தம்பியைப் பார்த்தே சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். அவர் கதவை முழுக்கத் திறந்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். நல்லாயிருக்கிற தன் இடது காலை, தொடைக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, மடக்காமல் உள்ளே வைத்தார். தம்பி செய்தது எப்படியோ அப்படியே, ஒன்றுகூட விடாமல். கதவைச் சாத்தினார், பட்டனை அழுத்தினார். இத்தனை மாதம் அவருக்கு அசையாத கண்ணாடி மெதுவாக மேலே போய் விளிம்பில் பொருந்தியது.

இறங்கினார். ஒரு சாண் திறந்து தன் பாணியில் நுழைந்தார். கண்ணாடி செத்துக் கிடந்தது. மறுபடி தம்பியைப் போல ஏறினார். உயிர் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. சாமியாடினாலும் இப்படிச் சிலிர்த்திருக்காது.

ரப்பர் உறையை மெல்ல உருவினார். ஏழெட்டுக் கம்பிகள், பல நிறத்தில். ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் விறைப்பாக நின்றன. தடித்த சிவப்புக் கம்பி மட்டும் ரப்பர் பேண்டைப் போல நீண்டு கொடுத்தது.

"உள்ள செம்பு இல்ல. அதான் நீளுது" என்றார்.

"மேல ஒரு கீறல்கூட இல்லையேங்க?" என்றாள் அண்ணி.

நான் கத்திரியை நீட்டினேன். சிவப்புத் தோலைக் கீறிப் பிரித்தார். டார்ச்சை அருகில் கொண்டுபோனேன். உள்ளே முடி முடியாகச் செம்பு இழைகள், அத்தனையும் நடுவில் அறுந்து, முனை கறுத்து, இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை. நடுவே இருந்த இடைவெளி ஒரு தையல் நூல் நுழைகிற அளவுகூட இல்லை.

"திறந்து மூடித் திறந்து மூடி உள்ளயே அறுந்திருக்கு. கதவ முழுசா திறந்தா இந்தத் தோல் நேரா நிமிர்ந்து ரெண்டு முனையையும் ஒட்ட வெச்சிடுது. அப்புறம் மூடினாலும் ஒட்டினது விலகல. கரண்ட்டு போகுது. நான் கொஞ்சமா திறக்கிறேன். அது பாதியில மடங்கி விலகிடுது." யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். "ஒர்க்‌ஷாப்காரனும் முழுசாதான் திறந்து வெச்சான்."

ஒரு நூலுக்கும் குறைவான இடைவெளி. அதைத் தாண்ட முடியாமல் ஒரு வீடே நின்றுபோயிருந்தது. ஏறவில்லை என்றவரும் ஏறுகிறது என்றவனும் சொன்னது சத்தியம். அந்தக் கம்பி, யார் எப்படி ஏறுகிறார்கள் என்பதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் கால்சட்டைக்கு அளவெடுத்த எனக்கே தோன்றவில்லை.

பகல்காரர் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கால்ல என்ன?"

தம்பி அண்ணியைப் பார்த்தான். "ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க அண்ணி."

"நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றாள் அண்ணி. "உன்னைத்தான் கேட்கிறார். நீயே சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். முதல் தூறல் வண்டியின் மேல் விழுகிற சத்தம் கேட்டது.

"மடங்கல" என்றான். "கட்டுப் பிரிச்சதுலேருந்தே மடங்கல."

"சரியாயிடுச்சுன்னு சொன்னியே."

"ஒருநாள் நீ சாப்பிட உட்கார்ந்தே. தட்டுல கைய வெச்சபடியே தூங்கிட்டே. ரெண்டு வேளையும் ஓட்டிட்டு வந்து. அண்ணி உன் கையத் தட்டுலேருந்து எடுத்துத் துடைச்சு விட்டாங்க. உனக்கு அதுகூடத் தெரியல. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு பார்த்துக்கிட்டிருந்தேன். காலையில எழுந்து சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நின்றபடி சாப்பிட்டதெல்லாம் அவள் கண்ணுக்குள் ஓடியிருக்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாதவனைப் பார்த்துத்தான் அவள் தினமும் கௌரவம் என்று திட்டியிருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அண்ணன்.

"சொன்னா சாவிய பிடுங்கிக்குவே. மறுபடி ரெண்டு வேளையும் நீயே ஓட்டுவே."

அவர் மறுபடி கீல் பக்கம் போனார். குந்தி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். "அந்த டப்பாவுல சிவப்பு வயர் துண்டு இருக்கும். எடு" என்றார். தம்பி எடுத்துக் கொடுத்தான். "கொஞ்சம் நீளமா வை, இழுபடாம இருக்கட்டும்" என்றான் தம்பி. "தெரியும், நீ சொல்லித்தான் தெரியணுமா?" என்றார் அண்ணன். சண்டை போடுகிற குரல்தான். அண்ணிக்கு அது தேனாகக் கேட்டிருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒருவன் முனைகளைச் சேர்த்துப் பிடிக்க மற்றவர் முறுக்கினார். மேலே டேப்பை இறுக்கிச் சுற்றி உறைக்குள் தள்ளினார்கள். அண்ணி டீ கொண்டுவந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

டீக் குவளையைக் கீழே வைத்ததும் பகல்காரர் சாவியை எடுத்தார்.

"ஏறு. டாக்டர்கிட்டப் போறோம்."

"இப்பவா? புரோக்கர் வருவாரே?"

"ஏறுடா."

முன்சீட்டின் அந்தப் பக்கத்துக் கதவை அவரே போய், கீல் முனக, முழுக்கத் திறந்து மழையில் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி திரும்பி உட்கார்ந்தான். தொடைக்கடியில் கையைக் கொடுக்கப் போனான். அதற்குள் அண்ணன் குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் காலை ஏந்தி உள்ளே வைத்தார். முன்பல் விழுந்த நாட்களில் தூங்குகிறவனைத் தூக்கிப் படுக்க வைத்திருப்பாரே, அந்தக் கைதான். கதவை மெதுவாகச் சாத்தினார்.

வண்டியைச் சுற்றித் தன் பக்கம் வந்தார். பழக்கம் விடுமா? ஒரு சாண் திறந்தார். அப்படியே நின்றார். பிறகு கதவை அது போகிற மட்டும் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தார். இனிமேல் அப்படித் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பியைச் சேர்த்தாயிற்று.

வண்டி தெருமுனைக்கு நகரும்போது எதிரே குடையோடு புரோக்கர் வந்துவிட்டார். கையைக் காட்டி நிறுத்தினார். இத்தனை மாதமாகப் பகலில் அசையாத கண்ணாடி அண்ணனின் விரலுக்குச் சரசரவென்று இறங்கியது.

"வண்டி விக்கலீங்க" என்றார் பகல்காரர்.

"ஏங்க, திடீர்னு?"

"தம்பிக்கு வேணும்."

கண்ணாடி ஏறியது. மழை அதன் மேல் வழிந்து ஓடியது, அவர் தோளில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. வண்டி திரும்பி மறையும் வரை அண்ணியும் நானும் நனைந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கதவ முழுசா திறந்தாரே, பார்த்தீங்களா டெய்லரம்மா?" என்றாள்.

"பார்த்தேன் அண்ணி" என்றேன்.